கூட்டிப்போக ஆள்

சிறார் நீதிமன்றத்துக்கு முதன்முறையாக வருகிறவர்கள் கூண்டைத் தேடுவார்கள். அந்த அப்பாவும் தேடினார். இங்கே இருப்பதெல்லாம் ஒரு நீள மேசை, நாற்காலிகள், காக்கி போடாமல் வந்த போலீஸ்காரர் ஒருவர். நன்னடத்தை அலுவலரான நான் முதலில் வெளியே வைத்துப் பிள்ளையிடமும் பெற்றவரிடமும் பேசிவிட்டு, நீதிபதியிடம் விவரம் சொல்ல வேண்டும்.

அந்த அப்பா பஸ் டிரைவர். வேலையிலிருந்து யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்தார். பதினைந்து வயது மகள், பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துப்போய் ஒரு கடைக் கண்ணாடியில் மோதியிருந்தாள்.

"வண்டியில ஒரு கீறல் விழாம ஓட்டறவன் மேடம் நான். இனி டெப்போவுல எப்படித் தலை காட்டுவேன்? இவ எனக்குப் பொண்ணே இல்ல. கொஞ்ச நாள் உள்ள வைங்க, புத்தி வரட்டும்."

மகளை வைத்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவர்கள் பாதிப் பேர் இதே பாட்டுத்தான் பாடுகிறார்கள். தாங்களே திட்டித் தீர்த்துவிட்டால் நாங்கள் இரக்கப்பட்டு விட்டுவிடுவோம் என்று ஒரு கணக்கு.

"சார், இன்னிக்கு அவ தப்பு பண்ணாளான்னு விசாரிக்க மாட்டாங்க. வீட்டுக்கு அனுப்பறதா, காப்பகத்துக்கு அனுப்பறதா, அவ்வளவுதான். 'கூட்டிட்டுப் போறீங்களா'ன்னு கேப்பாங்க. நீங்க மாட்டேன்னா நான் என்ன சொன்னாலும் எடுபடாது. சரின்னு மட்டும் சொல்லுங்க."

தலையாட்டினார்.

உள்ளே நீதிபதி அம்மா அதையே கேட்டார். சரி என்று சொல்ல வேண்டிய மனுஷன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

மகள்தான் பேசினாள். "அப்பாவக் கேக்காதீங்க மேடம். அவருக்கு என்னால அசிங்கம். நான் காப்பகத்துக்கே போறேன்."

நீதிபதி பேனாவை எடுத்தார்.

நாற்காலி கிறீச்சிட அப்பா எழுந்தார். "எங்க போவ நீ? யாரக் கேட்டு முடிவு பண்ற? சிரிக்கறவன் சிரிச்சிட்டுப் போறான். எந்திரி, வீட்டுக்கு நட!"

"உக்காருங்க. கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க," என்றார் நீதிபதி.

மோதியதில் அடி எதுவும் படவில்லை என்று என்னிடம் சாதித்த பெண், அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்போதுதான் உடைந்தாள்.

"கை ரொம்ப வலிக்குதுப்பா."