கை நனைக்காத மருமகள்

மாமியார் ஊரில் நூரீன் முதன்முதலில் பார்த்தது பிராந்திக் கடை வரிசையைத்தான். கனகசெட்டிக்குளத்தில் மாநில எல்லையைக் கார் தாண்டியதும், "வந்துட்டோம்," என்றான் கணவன் முஆஸ். பாலிதீன் பையை வாயருகே பிடித்தபடி அவள் தலையை நிமிர்த்தினாள். பினாங்கிலிருந்து கோலாலம்பூர், அங்கே பதினோரு மணி நேரம் காத்திருப்பு, பிறகு சென்னை, அப்புறம் இந்தக் கடற்கரைச் சாலை. வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாகிவிட்டது. இந்த நிலைமையில் சொர்க்கத்தையே காட்டியிருந்தாலும், அங்கே படுக்க இடம் உண்டா என்றுதான் கேட்டிருப்பாள்.

படுப்பதற்காகவா வந்தாள்? முஆஸின் அம்மா கனீஸ் பாத்திமா மகனோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. கணவர் போன பிறகு ஒண்டியாக வளர்த்த பிள்ளை, வேலைக்குப் போன நாட்டிலேயே ஒருத்தியைப் பார்த்து, நிக்காஹ் தேதியையும் குறித்துவிட்டுப் போனில் தகவல் சொன்னான். "நல்லா இரு," என்று போனை வைத்தவள்தான். கல்யாணத்துக்கும் வரவில்லை. இப்போது அவன் தங்கை நஸ்லின் அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு தடவை வந்து போகச் சம்மதம் வாங்கியிருந்தாள். இதுவும் கெட்டுப்போனால் அம்மா இனி எனக்கு இல்லை என்று விமானத்தில் முஆஸ் சொன்னான். சொல்லிவிட்டு அவன் தூங்கிப்போனான். அவளுக்குத்தான் தூக்கம் போயிற்று.

ஊருக்குள் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேர் நேரான வீதிகள். வீட்டுக்குள் கால் வைத்தால் அந்த வீதிப் பெண்கள் பாதிப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "மலேசியாக்காரின்னாங்க, நல்லாத் தமிழ் பேசுதே," என்றாள் ஒருத்தி. நாகூரிலிருந்து கப்பல் ஏறியவரின் பேத்தி வேறு என்ன பேசுவாள் என்று கேட்கத் தெம்பில்லாமல் நூரீன் சிரித்து வைத்தாள். கனீஸ் பாத்திமா சலாத்துக்குப் பதில் சொன்னாள், மகன் தலையை ஒரு தடவை தடவினாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு முன்பே எழுந்து சமைத்தாளாம். பிரியாணி, தாளிச்சா, கத்தரிக்காய்ப் பச்சடி, பிரெட் அல்வா.

தட்டை அவளே கொண்டுவந்து வைத்தாள். நெய் வாசனை மூக்கில் ஏறியதும் நூரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் மாமி. கொஞ்சம் படுத்துக்கறேன்."

கூடத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முஆஸ் மட்டும் அவளை ஒரு பார்வை பார்த்தான். அதன் அர்த்தத்தை யோசிக்கக்கூட முடியாமல் அவள் அறைக்குப் போய்ச் சுருண்டுவிட்டாள்.

கண் விழித்தபோது சாயங்கால அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. கட்டிலோரம் நஸ்லின், அழுது வீங்கிய முகத்தோடு.

"ஒரு வாயாவது வச்சிருக்கக் கூடாதா அண்ணி? மொத மொதலா வந்த வூட்டுல கை நனைக்காம எழுந்தா, உங்க உறவே வேணாம்னுதானே அர்த்தம். வீதி பூரா இதே பேச்சு. அம்மாவும் காலையிலேந்து பச்சத் தண்ணி குடிக்கல."

தெரியாத வழக்கமா? பினாங்கிலும் இதே கதைதான். அவள் பெரியப்பா ஏதோ சண்டையில் கோபித்துக்கொண்டு ஆறு வருடமாக நூரீன் வீட்டில் கை நனைக்கவில்லை. அலுப்பில் மறந்துபோனது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வாய் விழுங்க முடியாத அளவுக்கா வயிறு கெட்டிருந்தது? அதை நினைத்ததும் நூரீனுக்குத் தன் மீதே பயம் வந்தது.

கதவு திறந்தது. கனீஸ் பாத்திமா ஒரு தட்டோடு நின்றாள். குழைந்த சோறு, மிளகு ரசம். நஸ்லின் எழுந்து வெளியே போனாள்.

"வயிறு எப்படி இருக்கு?"

"தேவலாம் மாமி."

"வயிறு மட்டுந்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"இல்ல மாமி. கோவமும் இருந்துச்சு. மொதல்ல கை நனைக்காதது நீங்கதான். எங்க கல்யாணச் சோத்துல உங்களுக்குன்னு ஒரு டப்பா எடுத்து வச்சேன். மனசு மாறி அடுத்த வாரமாவது வருவீங்கன்னு ஃப்ரீசர்லயே வச்சிருந்தேன். ஒரு மாசம் கழிச்சு நானே குப்பையில கொட்டினேன்."

ஒரே நாளில் எல்லாவற்றையும் கெடுத்தாகிவிட்டது, முஆஸிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று நினைத்தாள். கனீஸ் பாத்திமா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மாசமா வச்சிருந்த?"

"ஆமா மாமி."

"நானா இருந்தா அன்னிக்கே கொட்டியிருப்பேன்."

"தள்ளிக்கோ," என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள். சோற்றைப் பிசைந்தாள். முதல் வாயைத் தானே சாப்பிட்டாள்.

"இதுதான் உங்க கல்யாணச் சோறுன்னு வச்சுக்கறேன்," என்றாள். "ம், நீயும் சாப்புடு."