மூன்று மடங்கு தண்ணீர்

மொன்றியலில் குடியிருக்கிற வீட்டுக்குத் தண்ணீர்ப் பில் என்று ஒன்று வருவது அருமை. மின்சாரத்துக்கு வரும், தொலைபேசிக்கு வரும். தண்ணீர் வீட்டு வரிக்குள் அடங்கிப்போகும். எவ்வளவு ஓடியது என்று கேட்பாரில்லை. வில்லரேப் பகுதியில் எங்கள் கட்டடம் ஒரு விலக்கு. ஆறு வீடுகளுக்குக் கீழே, தெருவைப் பார்த்தபடி, கிறிஸ்தோப்பரின் தெப்பனர் இருக்கிறது. பாலும் பியரும் லொத்தர்ச் சீட்டும் விற்கிற சின்னக் கடைதான். ஆனால் கடை என்று ஒன்று இருப்பதால் நிலவறையில் தண்ணீர் மானி பூட்டியிருக்கிறது. வருடத்துக்கு ஒரு பில் வரும். அதை ஏழு பங்காகப் பிரித்துக் கட்டிவிட்டு மறந்துவிடுவோம்.

இந்த ஜூன் மாதம், போன வருடத்துக்குரிய, மறக்க முடியாத பில் வந்தது. முந்தின தடவை 980 கன மீற்றர். இந்தத் தடவை 2,960.

கட்டடச் சங்கத்தின் தலைவி அக்னெஸ். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். இரண்டு எண்களையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, வாசல் கதவில் ஒட்டிவைத்தார். அதற்குக் கீழே ஒரு வரி: பில்லுக்குரிய வருடத்தின் ஜனவரியில் இரண்டாம் மாடியில் கார்டெரி தொடங்கியது. அதற்குக் கீழே இன்னொரு வரி: ஓகஸ்ட் 28 பொதுக்கூட்டம், ஐந்தாவது விடயம், இந்தக் கட்டடத்தில் கார்டெரி நடத்துவதைத் தடை செய்யும் விதி.

கார்டெரி, அதாவது பிள்ளை பராமரிப்பு இல்லம், நடத்துகிறவள் துஷாந்தினி. கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் நிலம் துடைத்தவள். துடைத்துக்கொண்டே பிரெஞ்சு படித்து, பிள்ளை பராமரிப்புப் படித்து, பரிசோதகர்கள் வந்து அலுமாரிக் கதவெல்லாம் திறந்து பார்த்த பிறகு, ஆறு பிள்ளைகளைப் பார்ப்பதற்கு அனுமதி எடுத்தாள். அந்த அனுமதி இந்த வீட்டு முகவரிக்குக் கொடுத்தது. விதி நிறைவேறினால் அவள் திரும்பவும் வாளியும் துடைப்பமும் தூக்க வேண்டும்.

அறிவித்தலை வாசித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் இருக்கவில்லை.

"அண்ணை, என்ர பிள்ளையள் கை கழுவுறதில மூண்டு மடங்கு தண்ணி போகுமே? ஆறும் ஆனைக்குட்டியளே?"

எனக்கு வேலையில் இருந்து ஓய்வு கிடைத்து இரண்டு வருடம். கட்டடத்தில் யாருக்குக் கடிதம் தேவையென்றாலும், படியில் உறைபனி கவனம் என்று அறிவித்தல் தேவையென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அன்று மாலையே அக்னெஸுக்குக் கடிதம் எழுதினேன். பொருள், தொடர்பு, ஏழு பந்தி. கார்டெரி தொடங்கியதும் பில் ஏறியதும் ஒரே வருடத்தில் என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பதே சாரம். பதில் இரண்டு வரியில் வந்தது. எண்கள் பொய் சொல்வதில்லை, மிஸ்யூ அருமைராசா; வேறு காரணம் இருந்தால் காட்டுங்கள்.

இன்னொன்று எழுதினேன். அதற்கும் இரண்டு வரி. ஐந்தாவது கடிதத்தை நான் மடித்துக்கொண்டிருந்தபோது மனைவி சிவநேசம் சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்கட கடிதத்தை அந்த மனுசி வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள இன்னும் ரெண்டு கன மீற்றர் ஓடியிருக்கும். கீழ போய் மீற்றரைப் பாருங்கோவன்."

போனேன். நிலவறைப் படியிறங்கினவுடன் இடப்பக்கச் சுவரில் மானி. கறுப்பு எண்கள் வரிசையாக. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிவப்பு முக்கோணம். எங்கேயாவது தண்ணீர் ஓடினால் அந்த முக்கோணம் சுற்றும். அது சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு வீட்டுக் காலை நேரம், சுற்றத்தான் செய்யும் என்று நினைத்து எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். அன்று தொடக்கம் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை குறித்தேன்.

பிள்ளைகள் வருகிற நாளில் எட்டே முக்கால் கன மீற்றர் போனது. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். எனக்கு வேண்டியது பிள்ளைகள் வராத நாட்கள், அதுவும் தொடர்ச்சியாக. கியூபெக்கில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஜூலைக் கடைசியில் கட்டுமான வேலைக்காரருக்கு இரண்டு வாரம் விடுமுறை. அவர்களோடு பாதி மாகாணமும் விடுமுறை எடுக்கும். துஷாந்தினியும் கார்டெரியைப் பூட்டினாள். பிள்ளைகளின் சின்னச் சப்பாத்துகள் இல்லாமல் அவளுடைய வாசல் வெறிச்சென்று கிடந்தது. நான் விடாமல் கீழே போய்க் குறித்தேன்.

எட்டு தசம் நாலு. எட்டு தசம் மூன்று. எட்டு தசம் நாலு.

ஒன்பதாம் நாள் கொப்பியைக் கொண்டுபோய்த் துஷாந்தினியிடம் காட்டினேன். ஆறு பிள்ளைகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய நானூறு லீற்றர். பில்லோ நாளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஏறியிருந்தது. அவள் கொப்பியை இரண்டு தரம் வாசித்தாள். சந்தோசப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிரச்சினையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டாள்.

"அப்ப மிச்சம் எங்க போகுது?"

அது எனக்குத் தெரியவில்லை. எந்த வீடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது, ஒவ்வொரு வீடாகப் போய்த் துருவினால் சண்டைதான் வரும் என்றேன். அவள் தன் தொழிலில் இருந்து ஒன்றைச் சொன்னாள். பிள்ளைகள் எல்லாரும் சத்தம் போடும்போது யார் தொடங்கினது என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்களாம். எல்லாரையும் வாயில் விரல் வைக்கச் சொல்வாளாம். அப்போது தனியாக முனகிக்கொண்டிருப்பவர் யார் என்று தானாகவே கேட்கும்.

"எல்லா வீட்டிலயும் ஒரே நேரத்தில தண்ணியைப் பூட்டச் சொல்லுங்கோ அண்ணை. ஆர் முனகினம் எண்டு பாப்பம்."

நான் அக்னெஸுக்கு ஆறாவது கடிதம் எழுதினேன். நாலே வரி. நாட்குறிப்பின் பிரதியை இணைத்தேன். அவர் பதில் எழுதவில்லை, கதவைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அரை மணித்தியாலம் எல்லா வீட்டிலும் தண்ணீர் வரும் வால்வைப் பூட்டுவது என்று முடிவாயிற்று. அக்னெஸுக்கு எண்கள் மேல் இருந்த விசுவாசம் எவர் மேலும் இருந்த கோபத்தை விடப் பெரியது. அதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. நானும் அக்னெஸும் மானிக்கு முன்னால் நின்றோம். கிறிஸ்தோப்பர் கடைக் கதவில் அரை மணியில் வருவேன் என்று எழுதித் தொங்கவிட்டு, தன் வால்வைப் பூட்டிவிட்டு வந்தார். துஷாந்தினி வெளிப்படிக்கட்டால் ஏறி ஒவ்வொரு வீடாகப் போய், பூட்டியதைக் கண்ணால் பார்த்து, குழாயைத் திறந்து சொட்டு வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு வந்தாள். ஆறாவது வீட்டில் இருந்து அவள் முடிந்தது என்று பிரெஞ்சில் கத்தினது நிலவறை வரைக்கும் கேட்டது.

சிவப்பு முக்கோணம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அக்னெஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். அது நின்றிருக்க வேண்டும் என்றார், மானியிடம் சொல்வதுபோல. துஷாந்தினி படியிறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது.

"நிண்டிட்டுதோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. ஓடுது."

கடைசிப் படியில் அப்படியே இருந்துவிட்டாள். "அப்ப நாங்கள் இல்லை" என்றாள். அதையே அக்னெஸைப் பார்த்துப் பிரெஞ்சிலும் சொன்னாள், சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக.

அரை மணித்தியாலத்தில் நூற்று இருபது லீற்றர் போயிருந்தது. அக்னெஸ் பென்சில் கேட்டார். என் கொப்பியின் ஓரத்திலேயே பெருக்கினார். நாளுக்கு ஐந்தே முக்கால் கன மீற்றர். வருடத்துக்கு இரண்டாயிரத்து நூறு. பில்லில் கூடியிருந்ததை ஏறக்குறைய அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டது அந்தப் பெருக்கல். இரண்டு தடவை அடிக்கோடு போட்டார்.

ஒரு வீட்டிலும் ஓடவில்லை, கடையிலும் ஓடவில்லை. அப்படியென்றால் எங்கே? நிலவறைப் பின்பக்கத்தில் ஒரு கதவு உண்டு. அது சங்கத்துக்குரிய அறை என்று கிறிஸ்தோப்பர் நினைத்திருந்தார். கடையின் சாமான் அறை என்று அக்னெஸ் நினைத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்னெஸின் சாவிக் கோர்வையில் பதினோராவது சாவி அதைத் திறந்தது.

உள்ளே பழைய சலவைத் தொட்டி. அதன் மேலே ஒரு குழாய். குழாயில் ஒரு துண்டு ஹோஸ் மாட்டி நிலத்து வடிகாலுக்குள் செருகியிருந்தது. தண்ணீர் பென்சில் தடிப்பில், சத்தமே இல்லாமல், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. குழாய்க்கு மேலே பிளாஸ்ரிக் உறைக்குள் ஓர் அறிவித்தல். மேலே பிரெஞ்சு, கீழே ஆங்கிலம். நாலு பக்கமும் அளவாக ஓரம் விட்டு, தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடு. தயவுசெய்து இந்தக் குழாயை எக்காரணம் கொண்டும் மூட வேண்டாம்.

எழுத்து என்னுடையது.

சொல்லாமல் விட்டாலும் துஷாந்தினி தப்பிவிட்டாள் என்று மனம் ஒரு பக்கத்தால் சொன்னது. ஆனால் இரண்டு மாதமாக அந்தப் பிள்ளை தன்னுடையதல்லாத குற்றத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். இதை எழுதியது நான்தான் என்று அக்னெஸிடம் சொன்னேன். தெரியும் என்றார் அவர். ஐந்து நீளக் கடிதம் வாசித்த பிறகு இந்த எழுத்தை எங்கே கண்டாலும் தெரியுமாம்.

துஷாந்தினி என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

"வடிவா எழுதியிருக்கிறியள் அண்ணை. அதுதான் ஒருத்தரும் தொடேல்லை."

அங்கேயே நின்று பேரின்பநாதனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்னெஸுக்கு முன்னர் தலைவராக இருந்தவர். போன வருடம் மார்ச்சில் லவாலில் வீடு வாங்கிக்கொண்டு போனவர். அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. போன வருடம் பெப்ரவரிக் கடுங்குளிரில் நிலத்துக்குள் வருகிற குழாய் உறைந்துபோனது. குழாய் வேலைக்காரர் வந்து இளக்கிவிட்டு, நிலத்தில் பனி இளகும்வரை ஒரு குழாயை மெல்லியதாக ஓடவிடுங்கள், திரும்ப உறையாது என்று சொல்லிப்போனார். பேரின்பநாதன் ஓர் அறிவித்தல் எழுதித் தரச்சொல்லி என்னிடம் கேட்டார். நான் மேல் மாடியில், என் மேசையில் இருந்து எழுதிக் கொடுத்தேன். குழாயைக் கண்ணால் கண்டதில்லை. எதுவரைக்கும் மூடக்கூடாது என்று கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

"ஐசே, நான் இஞ்ச வந்து ஒண்டரை வருசம்," என்றார் பேரின்பநாதன். "அந்தப் பைப் இன்னும் ஓடுதே?"

துஷாந்தினி குழாயில் கை வைத்தாள். பூட்டட்டுமா என்று அக்னெஸைக் கேட்டாள். அக்னெஸ் தலையசைத்தார். குழாய் இறுகிப்போயிருந்தது, இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. கிறிஸ்தோப்பர் மானியடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்று அவர் கத்தினதைக் கேட்டு மேல் வீட்டுக்காரர்கள் படிக்கு வந்துவிட்டார்கள்.

ஓகஸ்ட் 28, வியாழக்கிழமை, கூட்டம் அக்னெஸின் வரவேற்பறையில். கோப்பி வைத்து, பிஸ்கற் வைத்து, ஏழு பங்காளிகளும் வட்டமாக இருந்தோம். நான் எழுந்து, அறிவித்தலை எழுதியது நான், முடிவுத் திகதி போடாமல் விட்டதும் நான் என்று சொன்னேன். ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. இனிக் குளிர்காலத்தில் குழாய் திறந்தால் பனி இளகிய வாரமே பூட்டுவது கிறிஸ்தோப்பரின் பொறுப்பு என்று எழுதிக்கொண்டோம். பிறகு அக்னெஸ் தாளைப் புரட்டி, ஐந்தாவது விடயத்துக்கு இனித் தேவையில்லை, அதை நீக்கிவிடுவோம், அடுத்தது கூரைத் திருத்தம் என்றார்.

துஷாந்தினி கையை உயர்த்தினாள்.

நீக்க வேண்டாம் என்றாள். நல்ல பிரெஞ்சு, நடுக்கம் இல்லாத குரல். இரண்டு மாதமாக அது வாசல் கதவில் ஒட்டியிருந்தது. பிள்ளைகளை விட வருகிற தாய் தகப்பன் எல்லாரும் அதை வாசித்துவிட்டுத்தான் படியேறினார்கள். ஒரு தாய் வேறு இடம் தேடத் தொடங்கிவிட்டாள். சத்தமில்லாமல் எடுத்தால் அடுத்த பில்லுக்கு அது சத்தமில்லாமல் திரும்பி வரும்.

"வாக்கெடுங்கள்," என்றாள். "முடிவை அதே கதவில் ஒட்டுங்கள்."

அக்னெஸ் பேனையை மூடி மேசையில் வைத்தார். நீங்கள் சொல்வது சரி, மதாம் என்றார். எழுந்து நின்று, தான் கொண்டுவந்த விதியைத் தானே முழுதாக வாசித்தார். ஆதரவானவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டுவிட்டு, ஒருவர் முகத்தையும் விடாமல் வட்டமாகப் பார்த்தார். எதிரானவர்கள் என்றார்.

கைகள் எழுந்தன. என்னுடையது, கிறிஸ்தோப்பருடையது, மேல் வீட்டுக்காரர்களுடையது. கடைசியாக அக்னெஸ் தன் கையை உயர்த்தினார், வகுப்பில் மாணவி உயர்த்துகிறதுபோல நேராக.

எண்ணுவது தலைவியின் வேலை. ஆனால் துஷாந்தினி முந்திக்கொண்டாள். பூங்காவில் இருந்து திரும்பும்போது பிள்ளைகளை எண்ணுகிறபடி, விரலை நீட்டி, ஒவ்வொருவராகச் சுட்டிக்காட்டிப் பிரெஞ்சில் எண்ணினாள். ஆறு வந்ததும் நிறுத்தி, தன் வலக்கையையும் தூக்கி, ஏழு என்றாள்.