கடலை மறித்த மாரியம்மாள்

சுனாமி காரைக்காலை விட்டுத் திரும்பிப் போனதற்குக் காரணம் தன் மனைவி மாரியம்மாள்தான் என்று ஐயனார் சொல்வார். நிலநடுக்கம், நீரோட்டம் என்று படித்தவர்கள் ஆயிரம் சொல்லட்டும். அலை வந்தது, தென்னை உயரத்துக்கு எழும்பி நின்றது, ஐஸ் கம்பெனிச் சந்துக்குள் எட்டிப் பார்த்தது, அங்கே மாரியம்மாள் நிற்பதைக் கண்டது, இந்தப் பக்கம் வழி கிடையாது போலிருக்கிறது என்று வந்த வழியே போய்விட்டது. போகிற போக்கில் படகு, வலை, வீடு, ஆள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனது. மாரியம்மாளை மட்டும் அதனால் ஒரு விரற்கடை நகர்த்த முடியவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டவர்களையும்தான்.

பிடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் கொஞ்சம் வளர்ச்சி இருந்தது. ஐயனார் பொதுப்பணித்துறையில் பம்பு ஆபரேட்டராக இருந்தவரை அது ஏழெட்டுப் பேரோடு நின்றது. ஓய்வு பெற்று, பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடை பெஞ்சில் நிரந்தரமாக இடம் பிடித்த பிறகு பாதித் தெருவே அவள் முந்தானையில் தொங்கியது. பிறகு ஒரு சினை ஆடு வந்து சேர்ந்தது. போன வருஷம் ஒரு டி.வி.

"ஓடிக்கிட்டே இருந்துச்சுங்க அந்த டி.வி. அதுல ஒருத்தன், சுனாமி வருது, சுனாமி வருதுன்னு கத்திக்கிட்டே இருக்கான். மாரியம்மா அதையும் இடுப்புல இடுக்கிக்கிட்டு நிக்கிறா."

டீக்கடையே குலுங்கும். ஒரே ஒரு ஆள் மட்டும் சிரிக்க மாட்டார். அம்பலவாணன். வேறு யாராவது சொன்னால் ஐயனார் ஒரே வரியில் ஊதித் தள்ளிவிடுவார். ஆனால் அம்பலவாணன் அன்று அந்தச் சந்தில் இருந்தவர். அப்போது ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிற ஆள். இப்போது அந்தக் கம்பெனிக்கே முதலாளி, பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு மாடிக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: "பொய்யிண்ணே. நான் புடிச்சது தென்னை மரத்தை." அத்தோடு கதை செத்துவிடும். ஐயனாரோ அன்று ஊரிலேயே இல்லை. நெடுங்காட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஞாயிற்றுக்கிழமை டூட்டி பார்த்துக்கொண்டிருந்தார். இல்லாத ஆளின் பேச்சையா ஊர் நம்பும்?

நடந்ததை மாரியம்மாள் அவரிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள், பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமில் உட்கார்ந்து, தோளோடு கிழிந்து தொங்கிய ரவிக்கைக் கையைத் தைத்துக்கொண்டே. நூல் கிடைக்காமல் வலை பின்னுகிற நைலான் நரம்பால் தைத்தாள். ஊதா நிறத் துணியில் வெள்ளை வெள்ளையாகப் பெரிய தையல். அந்தச் சந்தில் அவள் எப்போதும் பக்கவாட்டில் திரும்பித்தான் போவாள். அன்று திரும்ப நேரமில்லை. நேராக நுழைந்தாள், பாதியில் இரண்டு சுவருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டாள். தண்ணீர் தலைக்கு மேல் போய், பிறகு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு திரும்பியபோது மூன்று பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், அம்பலவாணன்.

"ரவிக்கை எப்படிக் கிழிஞ்சுது?" என்று ஐயனார் கேட்டார்.

"கிழிஞ்சுது" என்றாள். நரம்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "இதை யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதய்யா" என்றாள். மறுநாள் காலையில் முகாமில் கஞ்சி வாங்குகிற வரிசையிலேயே ஐயனார் ஆரம்பித்துவிட்டார். அந்தப் பிள்ளைகள் இருவரும் அப்போது கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரியவர்கள். அவர்களுக்கு அலையே நினைவில்லை.

மாரியம்மாளின் உடம்பு அந்தக் காலத்தில் ஊருக்கே பொதுச்சொத்து. கோவில்பத்திலும் தருமபுரத்திலும் அவள் மீன் கூடையோடு தெருவுக்குள் நுழைந்தால் வாசற்படிகள் ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கி நிற்கும் என்பார் ஐயனார். அது போகட்டும். அவள் விற்கிற மீனுக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. நன்றாகத் தின்கிறவள் விற்கிற மீன் என்று பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். குச்சி மாதிரிப் பெண்ணை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடிய தாய்மார்கள், "என்னத்தைம்மா சாப்பிடுற, இவளுக்கும் கொஞ்சம் சொல்லு" என்று அவளை நிறுத்திக் கேட்டார்கள். பிரசவம் ஆகி வந்த வீட்டில் குழந்தையை முதலில் அவள் மடியில் போட்டு எடுத்தார்கள். ஐஸ் கம்பெனி வாசலில் மட்டும் அம்பலவாணன், "லாரி வருது, சந்துல வழி விடுங்கடா" என்று கத்துவான். மாரியம்மாள் கூடையிலிருந்து ஒரு மத்தியை எடுத்து அவன் மேல் எறிவாள். அவனும் பிடித்துக்கொள்வான், மத்தியானக் குழம்புக்கு ஆகும்.

எந்த வருஷத்தில் இதெல்லாம் மாறியது என்று ஐயனாருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் தருமபுரத்தில் ஒரு வீட்டு அம்மாள் வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு, "வாக்கிங் போங்க மாரியம்மா" என்றாள். காலையிலிருந்து கூடையோடு நடந்தே வந்தவளிடம். அடுத்த வீட்டில், அவள் மடியில் குழந்தையைப் போட்டு எடுத்த அதே வீட்டில், "சுகர் பாத்தீங்களா?" என்றார்கள். மினி பஸ் கண்டக்டர், "ஆயா, ரெண்டு டிக்கெட்டா?" என்றான். மருமகள் தேடிப் போன இடத்தில் பெண்ணின் தாய், மாரியம்மாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க குடும்பத்துல எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டாள். சம்பந்தம் நின்றுபோனது. மகன் முகிலனுக்கு அது உறைத்துவிட்டது. துபாயில் ஏதோ ஓட்டலில் உடற்பயிற்சிக் கூடம் பார்த்துக்கொண்டிருந்தவன், கழுத்தை விடப் பெரிய புஜங்களோடு திரும்பி வந்து, முதல் வேலையாக வீட்டிலிருந்த அரிசி டின்னைத் தூக்கிப் பரண் மேல் வைத்தான்.

காலையில் பவுடர் கரைத்த தண்ணீர். மத்தியானம் வெள்ளரிக்காயும் அவித்த முட்டையின் வெள்ளையும். ராத்திரி அதுவும் இல்லை. ஐயனார் கணக்குப்படி அந்த ஒன்றரை வருஷத்தில் காரைக்காலில் விளைந்த வெள்ளரிக்காய் பூராவும் அவர்கள் வீட்டில்தான் தீர்ந்தது. மகன் ஆசைப்படுகிறான் என்றாள் மாரியம்மாள். முதலில் முகம் வடிந்தது, பிறகு தோள், பிறகு கை. கைச்சதை உலர்த்தப் போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கியது. கூடையைத் தலைக்குத் தூக்க முடியாமல் வியாபாரத்தை விட்டாள். தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும், "அடையாளமே தெரியலையே, சூப்பரா ஆயிட்டீங்க" என்றார்கள். அப்படிச் சொல்கிற ஒவ்வொருவரிடமும், "முந்தி நான் நல்லா இல்லையா?" என்று கேட்க வந்து, அதை விழுங்கிக்கொண்டு அவள் சிரிப்பதை ஐயனார் பார்த்திருக்கிறார். அவள் விழுங்குவதற்கு அப்போது அனுமதி இருந்தது அது ஒன்றுக்குத்தான்.

பிறகுதான் அந்த ஃபிளெக்ஸ் வந்தது. அம்பலவாணனின் கட்டடத்து மாடியை வாடகைக்கு எடுத்து முகிலன் எடை குறைப்பு மையம் தொடங்குகிறான். கட்டடத்தின் முகப்பு முழுக்க இரண்டு மாரியம்மாள்கள். 'அன்று' என்று போட்டு, யார் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்து வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிற மாரியம்மாள். அவள் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு வண்ணத்தில் இரண்டு கோடு. பக்கத்தில் 'இன்று' என்று, சுடிதார் மாட்டிவிடப்பட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற யாரோ ஒருத்தி. கீழே 'திறப்பாளர்: திரு. அம்பலவாணன்.'

அன்றிலிருந்து மாரியம்மாள் பஸ் ஸ்டாண்டு பக்கமே போகவில்லை. ரேஷன் கடைக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஏய்யா, அவ மேல கோடு போட்டிருக்கான்யா. கணக்குல தப்பா எழுதினதை அடிக்கிற மாதிரி. அவ என்னய்யா தப்புப் பண்ணா? திறப்பு விழாவுக்குள்ள அதை இறக்கச் சொல்லுய்யா."

இறக்கிக் காட்டுகிறேன் என்று ஐயனார் வாக்குக் கொடுத்தார். முதலில் மகனிடம் போனார். "அப்பா, அது அம்மாவுக்குப் பெருமைப்பா. அவங்களைப் பாத்துட்டுத்தான் இருபது பேரு பேரு குடுத்திருக்காங்க. அம்மாகிட்ட கேட்டுத்தான் போட்டேன்" என்றான் முகிலன். "தலையாட்டுனாங்களே" என்றான். பிள்ளை கேட்டால் அவள் எதற்குத்தான் தலையாட்டவில்லை.

அடுத்து அம்பலவாணனிடம் போனார். ஐஸ் கம்பெனி ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் தொப்பையைத் தள்ளிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அந்தத் தொப்பையை யாரும் ஃபிளெக்ஸில் போட்டு அடிக்கவில்லை என்பது ஐயனாருக்குத் தோன்றியது.

"கட்டடம் உன்னுது அம்பலம். நீ ஒரு வார்த்தை சொன்னா அந்தப் படத்தை எடுத்துருவான்."

"என்னன்னு சொல்லி எடுக்கச் சொல்றதுண்ணே?"

"உனக்குத் தெரியாதா?"

அம்பலவாணன் சிரித்தார். "ஆடு சினைன்னீங்க. டி.வி. ஓடுச்சுன்னீங்க. ஊரே சிரிச்சுச்சு. அந்தக் கதைக்கு இப்ப என்னைச் சாட்சிக்குக் கூப்புடுறீங்களா?"

ஐயனார் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "ஆடு இல்ல அம்பலம். டி.வி.யும் இல்ல. மூணு பேரு. ரெண்டு புள்ளைங்க, நீ."

அவ்வளவு சின்னதாக அந்தக் கதையை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை. வெளியே பாளத்தை அரைக்கிற இயந்திரம் கரகரவென்று ஓடி நின்றது.

"தென்னை மரம்ணே" என்றார் அம்பலவாணன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

திரும்பி வந்து மாரியம்மாளிடம் அதைச் சொன்னார். அவள், "முகிலன் விழாவுக்கு என் பழைய ரவிக்கை ஒண்ணு கேட்டான்" என்று எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடிவரை கையை விட்டுத் துழாவி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மடித்துப் பையில் வைத்தாள்.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் வந்திருந்தது. கோவில்பத்து, தருமபுரத்து வாடிக்கைக்காரப் பெண்கள்கூட வந்திருந்தார்கள், மீன் வாங்க அல்ல. ஃபிளெக்ஸ் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே மாரியம்மாளை நிறுத்தி வைத்திருந்தான் முகிலன். ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோலோடு அம்பலவாணன் எதிரில் நின்றார். ஐயனார் கூட்டத்துக்குப் பின்னால், டீக்கடை ஓரத்தில் நின்றார். முன்னால் வரச் சொல்லி மகன் கையசைத்தும் அவர் போகவில்லை.

"இப்ப நம்ம அம்மா, அவங்க அன்னைக்குப் போட்டிருந்த ரவிக்கையைக் காட்டுவாங்க!" என்று மைக்கில் அறிவித்தான் முகிலன். "அம்மா, ரெண்டு கையாலயும் நல்லா விரிச்சுப் புடிங்க. கேமராவைப் பாருங்க."

மாரியம்மாள் பையிலிருந்து எடுத்து விரித்தாள். ஊதா நிறம். விரித்ததில் அவள் நெஞ்சும் வயிறும் மறைந்துபோயின.

"யம்மாடி, இதைப் பாய்மரத்துல கட்டினா படகு நாகூருக்கே போயிரும் போலருக்கே" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல, கள்ளமில்லாத சிரிப்பு. டீக்கடையில் தினமும் கேட்கிற அதே சிரிப்பு.

மாரியம்மாள் கேமராவைப் பார்க்கவில்லை. ரவிக்கையை மெல்லத் திருப்பி, இடது கைப்பக்கம் அம்பலவாணனுக்கு நேராக வருகிற மாதிரி பிடித்தாள். தோளைச் சுற்றி வெள்ளை நரம்புத் தையல், புதிது போல மினுங்கியது. நைலான் மக்குவதில்லை.

அம்பலவாணன் அதைப் பார்த்தார். கத்தரிக்கோலைத் திறந்தார், மூடினார். ரிப்பன் வெட்டுப்படவில்லை.

"ரெண்டு வார்த்தை பேசிட்டு வெட்டுங்க மாமா" என்று முகிலன் மைக்கை நீட்டினான்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் அம்பலவாணன். "இந்தக் கட்டடம்..." என்றார். மறுபடி தையலைப் பார்த்தார். "அந்தக் கையைக் கிழிச்சது நான்தான்."

கூட்டத்துக்குப் புரியவில்லை. யாரோ ஒருவர் கைதட்டிப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"தென்னை மரமெல்லாம் அதுக்கு முந்தியே போயிருச்சு. நான் இவங்க கையைப் புடிச்சுத் தொங்குனேன். ரவிக்கை கையோட வந்துருச்சு. யாரு பாப்பாங்களோன்னுகூட நெனைக்கலை... அவங்க தன்னை மூடிக்கலை. மூடணும்னா என்னை விடணும். என் தலைமுடியைப் புடிச்சு..." மைக் கிறீச்சிட்டது. அவர் அதைக் கீழே இறக்கிவிட்டார்.

"சூப்பர் மாமா! செமயா இருக்கு!" முகிலன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "ஆனா வெளிச்சம் பின்னாடி விழுது. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி, அம்மா அப்ப எத்தனை கிலோன்னும் சேத்து, முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க."

ஐயனார் டீக்கடை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாய்வரைக்கும் ஏதோ வந்தது. ஆடு வந்தது, டி.வி. வந்தது. அவற்றை விழுங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று திரும்பியது. மேலே ஃபிளெக்ஸ் படபடவென்று அடித்துக்கொண்டது. கீழே மாரியம்மாளின் குச்சிக் கைகளுக்கு நடுவில் ஊதா ரவிக்கைக்குள் காற்று புகுந்து, நெஞ்சு நிரம்பி, தோள் புடைத்து, இரண்டு கைகளும் பருத்து எழுந்தன. அதைப் பிடித்து நிறுத்த முடியாமல் அவள் ஒரு காலைப் பின்னால் ஊன்றினாள். அம்பலவாணன் இரண்டடி வைத்து அந்தத் தைத்த கையின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"நடந்துச்சுக்கா" என்றார், மைக் இல்லாமல். "நடந்துச்சு."