‘ஒட்டி’ என்று சொன்னது

"ஒட்டித்தான் இருக்காம், உள்ள போகலையாம். பெரிய டாக்டரே சொல்லிட்டாரும்மா."

நோயாளியின் மனைவி முகம் மலரச் சொன்னதும் ஸ்கேன் அறையின் இளைய டாக்டர் நடையை நிறுத்தினாள். அந்தச் சொல் அவளுடையது. நேற்று தொலைபேசியில், அறுவை செய்யும் பெரிய டாக்டரிடம், "கணையக் கட்டி ரத்தக்குழாயை ஒட்டி இருக்கு சார்," என்றிருந்தாள். பசை போட்டதுபோல என்று அவள் நினைப்பு. பக்கத்தில் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். சுவருக்குள் கட்டி நுழைந்திருந்தால் பிரிக்கும்போது குழாய் கிழியும். அதை வெட்டி இணைக்கத் தெரிந்தவர் உடன் இல்லையென்றால் மேசையிலேயே ஆள் போய்விடலாம். அறுவைக்கு இன்னும் அரை மணி நேரம்.

ஓடிப்போய்ப் படங்களைத் திறந்து மூன்று தரம் அளந்தாள். கட்டி குழாயின் சுற்றளவில் பாதியைக்கூடச் சூழவில்லை. ஆனால் அடுத்தடுத்து நான்கு படங்களில், உருண்டையாக இருக்க வேண்டிய குழாய் கண்ணீர்த் துளி மாதிரி ஒரு பக்கம் கூம்பியிருந்தது. கட்டி சுவரைப் பிடித்து இழுத்தால் அப்படி ஆகும். நோயாளி மூச்சு விட்டதில் படம் அசைந்ததோ? இல்லை, தன் கண்தான் ஏமாற்றுகிறதோ?

அறுவை அரங்கின் வாசலில் பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். படங்களில் கண்டதை அவரிடம் சொன்னாள்.

"என்னம்மா, நேத்து ஒட்டி. இன்னைக்குத் தாண்டிக் குதிச்சிருச்சா?"

"பக்கத்துலன்னு சொல்லல சார். பிடிச்சிருக்கு. சுவரோட நடுப் படலம் வரைக்கும் போயிருக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, சொல்றியா?"

"சொல்றேன் சார்."

அவர் தண்ணீரை நிறுத்தினார். "ரத்தக்குழாய் டாக்டரைக் கூப்பிடுங்க. அவர் வராம யாரும் கத்தியைத் தொடக் கூடாது. தப்பா இருந்துச்சுன்னா, அவர் என்னை வாட்டுவார், நான் உன்னை."

அன்று மற்ற நோயாளிகளின் படங்களை இரண்டிரண்டு தரம் படித்தாள். ஆறாவது மணி நேரத்தில் அரங்கின் நர்ஸ் தொலைபேசியில் அழைத்தாள்.

"ரெண்டு விரல் அகலத்துக்குக் குழாயை வெட்டிச் சேர்த்திருக்காங்க டாக்டர். ரத்தம் அதிகம் போகல. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு பரிசோதனைக் கூடம்தான் சொல்லணுமாம். அப்புறம், தையல் ஒட்டியிருக்குன்னு எழுதலாமான்னு சார் உங்களைக் கேக்கச் சொன்னார்."

சிரிப்பு வரவில்லை. அவள் வெளியே போனதும் பெஞ்சிலிருந்து நோயாளியின் மனைவி எழுந்தார்.

"கட்டியை எடுத்தாச்சு. நல்லா இருக்கார்."

"ஒட்டித்தானே இருந்துச்சு?"

அந்தச் சொல்லை விட்டு வேறு சொல் தேடினாள்.

"இல்லைங்க. குழாயைப் பிடிச்சிருந்துச்சு. எவ்வளவு ஆழமா பிடிச்சிருந்துச்சுன்னு அடுத்த வாரம் தெரியும்."

"அதுவரைக்கும்?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.