அலமாரிக்குன்னு வாங்குன கீல்

தேனி கடைவீதியில இரும்புக்கடை வச்சிருந்த சுந்தர்ராஜுக்கு வலது முழங்கால் மடங்காது. எழுபத்தஞ்சாம் வருசம் ஸ்கூட்டரோட விழுந்து தகடு வச்ச கால். அந்தக் காலாலதான் அவருக்குப் பொம்மை ரயில் எட்டாக்கனியாப் போச்சு.

இத்தனைக்கும் ரயில்ல பாதி அவருது. பழனிசெட்டிபட்டியில கூட்டாளி பலவேசத்தோட மரக்கடை மாடியில, நாலு சுவரையும் ஒட்டி மேசை அடிச்சு, போடி ரயில் லைனை அப்படியே சின்னதா இறக்கி வச்சிருந்தாக ரெண்டு பேரும். மரவேலை பலவேசம். மலையும் பாலமும் சுந்தர்ராஜ் காகிதக்கூழ்ல செஞ்சது. வண்டி ஓட்டுற சுவிட்சு நட்டநடுவுல. அங்கன போகணும்னா வாசலை மறிச்ச மேசைக்கு அடியில தவழ்ந்துதான் போகணும். பலவேசம் தவழ்ந்துருவாரு. சுந்தர்ராஜ் ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வந்து, வாசல்ல முக்காலி போட்டு மூணு வருசமா வேடிக்கை பார்த்தாரு. ஒருநாளாச்சும் தன் கையால அந்த வண்டியை மலையேத்தணும், அவ்வளவுதான் ஆசை.

"வாசல்ல மட்டும் கீல் போட்டுத் தூக்குப் பலகை வையேன் மாப்ளே, என் கடையில இருக்கே, அது மாதிரி."

"தண்டவாளத்தை அறுக்கணும்யா. மயிரிழை விலகுனாலும் வண்டி கவுந்துரும்."

நம்பினாரு மனுசன். அவரு கடையில வாங்க வந்தவுக பலகைக்கு வெளியதான் நிக்கணும். மச்சினனுக்கே அந்தச் சட்டம்தான். பலவேசம் தலை தெரிஞ்சா மட்டும் பலகையைத் தூக்கி உள்ள கூப்பிட்டு உட்கார வைப்பாரு.

சித்திரையில ஒருநா சுந்தர்ராஜ் மரக்கடை மாடிக்குச் சொல்லாமப் போனாரு. வாசல் மேசை மேல தூக்கி நின்னுச்சு. நடுவுல மேகமலை எஸ்டேட் முதலாளி, பெருத்த உடம்பு, சுவிட்சைத் திருகிக்கிட்டிருந்தாரு. வண்டி சுந்தர்ராஜ் கட்டுன பாலத்துல ஓடுச்சு.

பலகையில ரெண்டு பித்தளைக் கீல். வீட்டு அலமாரிக்குன்னு பலவேசம் தை மாசம் கேட்டப்ப, சுந்தர்ராஜே தன் கடையில நல்லதாப் பொறுக்கிக் குடுத்த கீல்.

"அவுக குனிய முடியாதுன்னாக, அதான் நேத்து வச்சேன் மாப்ளே"ன்னாரு பலவேசம்.

கீல் இடுக்குல எண்ணெய் அழுக்கு கருத்துக் கிடந்துச்சு. நேத்து வச்சதுல இவ்வளவு அழுக்கு ஏறாது. அப்ப, மூணு மாசமா கீல் தெரியாம ஓரத்துல துணியைத் தொங்கவிட்டு மறைச்சு, மூடுன பலகைக்கு முன்னாலதான் இவரை உட்கார வச்சிருக்கான்.  சுந்தர்ராஜ் காலை இழுத்துக்கிட்டுப் படியிறங்கிட்டாரு.

மறுநாக் காலையில பலவேசம் கடைக்கு வந்து, பலகை தூக்குவாருன்னு நின்னாரு. சுந்தர்ராஜ் எந்திரிக்கலை.

"வாங்க அண்ணாச்சி, என்ன வேணும்?"

 பலவேசம் பலகைக்கு வெளியவே நின்னு கால் கிலோ ஆணி கேட்டாரு. சுந்தர்ராஜ் நிறுத்து, பொட்டலம் கட்டி, பலகை மேல வச்சாரு.