சிவப்புத் தூள்

பெரிய டெய்லருக்கு அந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்தாலே குமட்டும். தினம் ஒரு பாக்கெட் தின்பார்.

அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருக்கும், பிரித்தால் பாதிக்கு மேல் காற்று. மேலே பழுத்த தக்காளி ஒன்றைப் படம் போட்டிருப்பான். அந்தத் தக்காளிக்கும் உள்ளே கிடக்கிற சிவப்புத் தூளுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது என்று அடித்துச் சொல்வார். தின்ற அரை மணியில் வருகிற ஏப்பம் ஈரச் சாக்கு நாறுகிற மாதிரி நாறும். நாக்கு ஓரம் தோல் உரியும், நெஞ்சு எரியும். இதைக் கண்டுபிடித்தவன் இதைத் தின்ன மாட்டான் என்பது அவர் கட்சி.

ஆனாலும் மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடின கையோடு, காதுக்குக் கீழே தாடை பொருந்துகிற இடத்தில் சுரீரென்று ஓர் இழுப்பு வரும். முதல் சில்லு நொறுங்கிப் புளிப்பும் காரமும் ஒன்றாக ஏறும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். அறுபத்தெட்டு வயதுக்கு இது கேவலம் என்று தெரியும். தெரிந்துகொண்டே அடுத்ததை எடுப்பார். கடைசியில் பாக்கெட்டைக் கவிழ்த்து மூலைத் தூளையும் உள்ளங்கையில் கொட்டி நக்குவார். பிறகு சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவுவார். வெள்ளைத் துணியில் கை வைக்கிறவர், அதில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

தையற்கூடம் அவருடைய மருமகனுடையது, செத்துப்போன தங்கையின் மகன். நாலு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு அயர்ன் மேஜை. ஆஸ்பத்திரிக்கு அறுபது டாக்டர் கோட்டு தைத்துக் கொடுக்கிற வேலை வந்திருந்தது. முதலில் போன இருபதில் எட்டு திரும்பி வந்தது. நெஞ்சுப் பையின் மூலையில் கடுகளவு சிவப்புப் புள்ளி. நோயாளி பார்த்தால் ரத்தம் என்று நினைக்க மாட்டானா என்று ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

மருமகன் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டான். பெரிய டெய்லர் முதலில் நூல் விற்றவனைத் திட்டினார், சாயம் போகிற நூலைத் தலையில் கட்டிவிட்டானாம். பிறகு மெஷின் எண்ணெயைத் திட்டினார். வெள்ளை நூலில் ஏது சாயம், எண்ணெய் சிவப்பாகவா இருக்கும் என்று மருமகன் மடக்கியதும், அவர் கண் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற அம்மாவின் பக்கம் போனது. முதல் காஜா அந்தப் பைக்குக் கையகலம் தள்ளித்தான் வரும். சாப்பிட்ட கையைத் துணியிலேயே துடைக்கிற ஆள் என்று சொல்லிவிட்டார்.

"அண்ணே, நான் கை கழுவிட்டுத்தான் உக்கார்றேன். நீங்களே தினம் பாக்கறீங்க."

பார்த்திருக்கிறார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாற்பதில் ஒரு புள்ளி இருந்தாலும் அந்தம்மா மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று மருமகன் முடித்துவிட்டான். அவள் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறவள்.

நாற்பதும் தயாரான அன்று, நாலு மணிக்கு ஸ்டோர்காரர் வருவதாக இருந்தது. மதியம் பெரிய டெய்லர் பாக்கெட்டை முடித்துக் கையும் கழுவியிருந்தார். அயர்ன்காரர் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று கோட்டில் புள்ளி. காஜாக்காரம்மா பார்த்துவிட்டுத் தன் கத்தரிக்கோலைக் கைப்பைக்குள் எடுத்து வைத்தாள்.

பெரிய டெய்லருக்கு மேலண்ணத்தில் ஒரு சிப்ஸ் துணுக்கு குத்திக்கொண்டே இருந்தது. குழாயடிக்குப் போய் மேல் பல்செட்டைக் கழற்றினார். வழக்கமாக ராத்திரி படுக்கும்போதுதான் கழற்றுவார். உள்பக்கம் முழுக்கச் சிவப்புச் சேறு அப்பியிருந்தது. துப்பினார், எச்சில் செங்கல் நிறத்தில் விழுந்தது. இதை வாயில் வைத்துக்கொண்டா மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கிறோம் என்று வயிற்றைப் புரட்டியது. துணுக்கைத் தட்டிவிட்டு அப்படியே மாட்டிக்கொண்டு திரும்பினார்.

மெஷினில் நூல் அறுந்து கிடந்தது. ஐம்பது வருஷப் பழக்கம், நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கி முறுக்கினார். கண் மங்கின பிறகு ஒரு தரம் போதாது, மூன்று நாலு தரம் வாய்க்குள் போய் வந்தால்தான் ஊசிக் காதில் நுழையும். கோத்த பிறகு ஏதோ தோன்றி மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். நுனி இளஞ்சிவப்பாக இருந்தது.

நெஞ்சுப் பை வைப்பது அவர் மெஷினில். நூல் அறுவது எப்போதும் அந்தப் பை மூலையில்தான். அங்கேதான் துணி நாலு மடிப்பு. கோத்த நுனி விழுவதும் அங்கேதான். ஒரு துண்டுத் துணியில் நாலு தையல் ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. அயர்ன் பெட்டியை வைத்து எடுத்தார். சூட்டில் புள்ளி தெளிவாக எழும்பி வந்தது.

துண்டுத் துணியைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்தார். யாரும் பார்க்கவில்லை. நாளை முதல் வாய் கொப்பளித்தால் போதும். புள்ளியும் நிற்கும், அந்தம்மா போனதால்தான் நின்றது என்று ஊரே நம்பும். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று நினைத்தபோது, குழாயடியில் வந்ததை விடப் பெரிய குமட்டல் வந்தது.

நாலு மணிக்கு ஸ்டோர்காரரோடு மருமகன் வந்தான். மூன்று கோட்டையும் தூக்கிப் பிடித்துக் காஜாக்காரம்மாவைக் கூப்பிட்டான். பெரிய டெய்லர் எழுந்து போய்ப் பல்செட்டைக் கழற்றி வெட்டு மேஜைமேல் வைத்தார்.

"அந்தம்மா இல்ல. என் வாயி."

பல் இல்லாமல் சொன்னது யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொல்லி, நூலை வாயில் விட்டு இழுத்தும் காட்டினார். அயர்ன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாமா, முதல்ல அதை எடுங்க அங்கிருந்து," என்றான் மருமகன்.

ஸ்டோர்காரர் கோட்டை இரண்டு விரலால் தள்ளி வைத்தார். "இத்தனை நாளா எங்க டாக்டருங்க நெஞ்சுல உங்க எச்சிலா?"

நாற்பது கோட்டிலும் பையைப் பிரித்துத் துவைத்துப் புதிதாகத் தைத்துத் தந்தால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிரிக்கிற வேலை பெரிய டெய்லருடையது. இனி அவர் மெஷினுக்கு நூல் கோப்பது காஜாக்காரம்மா என்றும், அவர் கை நூல் நுனியில் படக்கூடாது என்றும் மருமகன் சொன்னான். சின்னப் பயல் தன்னை எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னது சுட்டது. பல்லை மாட்டிக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தார்.

முதல் பையைத் தைக்க உட்கார்ந்தபோது அவள் வந்தாள். நுனியைச் சரிவாக நறுக்கி, ஈரம் படாமல், ஒரே தடவையில் கோத்தாள். நகரவில்லை.

"அண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கு இல்ல?"

அவர் குனிந்துகொண்டே, அன்றைக்குச் சொன்னது தப்புத்தான் என்று முனகினார்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"போய் அந்தப் பல்லைத் தேய்ச்சுக் கழுவிட்டு வந்து சொல்லுங்க. நாத்தம் தாங்கல."

பெரிய டெய்லர் எழுந்து குழாயடிக்குப் போனார்.