வாசிக்காமல் விட்ட கருத்து

றெக்ஸ் அண்ணையின் மூலைக்கடையில் பால் எடுக்கக் குனிந்த லக்சனா, வானொலியில் அந்தக் குரலைக் கேட்டதும் அப்படியே நின்றாள்.

"உங்கட வினோஜாவெல்லே! இண்டைக்கு மூண்டாந்தரம் போடுறாங்கள். சத்தத்தைக் கூட்டவோ பிள்ளை?"

"வேண்டாம் அண்ணை. தலையிடி."

அது பொய். பாட்டு வெளிவந்து எட்டு நாளாயிற்று. முதல் நான்கு வரிகளுக்கு மேல் அவள் கேட்டதில்லை. லொங்குய் மெட்ரோ ரயில் நிலைய வாசலில் ஒருத்தி காத்திருப்பதாக வரும் மெதுவான பிரெஞ்சுக் காதல் பாட்டு. நடுவில் குரல் உச்சிக்குப் போகும் இடம் ஒன்று இருக்கிறதாம். அதைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

பத்து வருடம் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் அந்த உச்சிக் குரல் லக்சனாவுடையது. வினோஜா பக்கத்தில் நின்று இரண்டாம் குரல் பாடுவாள். பிறகு லக்சனாவின் தொண்டையில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். பேச்சு திரும்பி வந்தது, உச்சி வரவில்லை. வினோஜா அவளுடைய இடத்துக்கு நகர்ந்தாள். தன் தொண்டையில் இருந்து எடுத்ததை வினோஜாவுக்கு வைத்துவிட்டார்கள் என்றுகூட லக்சனா நினைத்ததுண்டு.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு, மக்கள் எழுதிப் போடும் மன்றாட்டுக் கருத்துகளை வழக்கமாக வாசிக்கும் தேவதாசன் காய்ச்சலால் வரவில்லை.

"நீ வாசி பிள்ளை," என்று சுவாமி பெட்டியில் இருந்த துண்டுகளை லக்சனாவிடம் கொடுத்தார்.

இறந்தவர்கள், நோயாளிகள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள் என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். ஏழாவது துண்டு இரண்டாக மடித்திருந்தது. மேல் மடிப்பில் வினோஜாவின் சாய்ந்த எழுத்து: 'என் பாட்டு வெளிவந்ததற்கு இறைவனுக்கு நன்றியாக.'

கடவுளுக்குத் தெரிந்தது போதாதா, மைக்கிலும் சொல்ல வேண்டுமா? அதை விரலுக்குள் மறைத்து எட்டாவதை வாசித்தாள். யாருக்கும் தெரியவில்லை.

பிரசங்கம் நடக்கும்போது ஒளித்து வைத்த துண்டை முழுதாக விரித்தாள். கீழே இன்னும் எழுதியிருந்தது: 'லக்சனாவின் குரல் முழுதாகத் திரும்பிவர. தேவதாசன் அண்ணை, அவளின் பெயரை வாசிக்க வேண்டாம், கூச்சப்படுவாள். ஒரு தோழி என்று சொன்னால் போதும்.'

பூசை முடிவதற்குள் லக்சனா எழுந்து மைக்குக்குப் போனாள். போன முறை ஏழு அடிதான் நடந்தாள்; இந்த முறை அது நெடுந்தூரமாக இருந்தது.

"ஒரு கருத்தை வாசிக்காமல் விட்டுவிட்டேன். பிழை என்னுடையது." நன்றியை வாசித்தாள். "ஒரு தோழியின் குரல் திரும்பிவர..." நிறுத்தினாள். "அந்தத் தோழி நான்தான்."

வெளியே பஸ் தரிப்பில் வினோஜா ஓடிவந்து பிடித்தாள்.

"ஏன்டி பேரைச் சொன்னனி? வேண்டாமெண்டெல்லே எழுதினனான். முதல் வாசிக்க மறந்துபோனியோ?"

"மறக்கேல்லை. எரிச்சல்ல ஒளிச்சனான்."

வினோஜா காலால் பனியைத் தள்ளினாள்.

"நானும் ஒண்டு சொல்லவோ? நீ பாடின காலத்தில, நத்தாருக்கு நத்தார், பாலன் பிறப்புப் பூசையில நான் உச்சி பாடவெண்டு, உனக்குத் தடிமன் வந்து தொண்டை அடைக்கவேணும் எண்டு நேர்ந்தனான்."

"அடி பாவி!"

"ஒரு தடிமன்தான் கேட்டனான். நீ ஆசுபத்திரியில கிடக்கேக்க என்ர நேர்த்திதான் பலிச்சிட்டுதெண்டு பயந்துபோனன். அண்டையில இருந்து கிழமைக்கு ஒரு துண்டு எழுதிப் போடுறன்."

லக்சனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"உன்ர பாட்டை நான் இன்னும் முழுக்கக் கேக்கேல்லை," என்றாள்.

வினோஜா கைபேசியில் பாட்டைப் போட்டு, காதொலிகளில் ஒன்றைத் துடைத்து அவளிடம் நீட்டினாள். ஒன்று அவளுக்கு, ஒன்று இவளுக்கு. உச்சி வரும் இடத்தில் லக்சனாவின் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. பொறாமை ஒரே நாளில் ஓடிவிடுவதில்லை. ஆனாலும் அவள் காதொலியைக் கழற்றவில்லை.

பஸ் வந்து கதவு திறந்தது. வினோஜா ஏறப் போனாள்.

"விடு, அடுத்ததில போவம்," என்று லக்சனா அவளின் கையைப் பிடித்தாள். "இன்னும் முடியேல்லை."